கத்தியை எடுத்துக் கொடுத்தவள்

நன்னிலத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார்கள். விடச் சொல்லிப் பலகை எதுவும் நாங்கள் மாட்டவில்லை. இன்ஸ்பெக்டர், நீங்கள்தான் முதன்முதலில் பூட்ஸோடு உள்ளே வந்தீர்கள். குறையாகச் சொல்லவில்லை. உங்கள் வேலை அப்படி.

என் பெயர் ஞானாம்பாள். டாக்டர் வைத்தியலிங்கத்தின் மனைவி. கல்யாணத்துக்கு முன்பே அவருடைய தியேட்டரில் நர்ஸ். ஊருக்கு நான் இன்றைக்கும் சிஸ்டரம்மாதான். ஆபரேஷன் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று, அவர் கேட்பதற்கு முன்னால் கருவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பது என் வேலை. நல்ல நர்ஸ் பக்கத்தில் இருந்தால் டாக்டர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அவர் கையை நீட்டுவார், நான் வைப்பேன். எங்கள் குடித்தனமும் ஏறக்குறைய அப்படித்தான் போனது.

அவருக்கு மறதி வந்ததை முதலில் வீட்டில்தான் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்கிற மறதி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்து, "ஏம்மா, எங்க வீட்டுக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டார்.

"இதுதாங்க வீடு."

"நல்ல வீடுதான். நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?"

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் என்னைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் இருந்தார்.

நோயாளிகளைப் பார்க்கும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் சொல்வதை நான் கேட்பேன், மருந்தை நான் முடிவு செய்வேன். அவருக்கு இரண்டு பேச்சு மிச்சமிருந்தது. ஒன்று, "நாக்கை நீட்டு." இன்னொன்று, "பாத்துக்கலாம்." வரப்பில் வழுக்கிக் கால் பிசகி வந்தவனை நாக்கை நீட்டச் சொன்னார். அவன் நீட்டினான். வெளியே போய் நின்று, "காலுக்குப் போனா நாக்கைப் பாக்குறாருப்பா. எவ்வளவு ஆழமாப் பாக்குற மனுஷன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் என்ன செய்ய?

ஆபரேஷனை எல்லாம் நிறுத்திவிடுவது என்றுதான் இருந்தேன். அப்போது அவசரமாகக் குடல்வால் வீங்கி ஒரு பையனைக் கொண்டுவந்துவிட்டார்கள். பயந்துகொண்டேதான் அவரை உள்ளே அழைத்துப் போனேன். கையைக் கழுவினார். கழுவும் முறை மாறவில்லை. உள்ளங்கையில் கத்தியை வைத்தேன். கை கத்தியின் வேலையைச் செய்தது. கத்திரியை வைத்தேன், கத்திரியின் வேலையைச் செய்தது. தலையை விட்டுப் போனது விரலை விட்டுப் போகவில்லை. நான் வரிசை தப்பாமல் வைத்தால் அவரும் தப்பாமல் செய்வார்.

தைத்துக்கொண்டே நிமிர்ந்து, "என்ன ஞானம், நூலை இந்த இழுப்பு இழுக்குறே? வீட்டுல சண்டையா?" என்றார்.

ஞானம் என்றார், இன்ஸ்பெக்டர். மாஸ்க்குக்குள் நான் அழுதது யாருக்கும் தெரியாது. வெளியே வந்து கவுனைக் கழற்றியதும், "நீங்க யாரும்மா?" என்றார்.

அதற்குப் பிறகு நான் கேஸ் தேட ஆரம்பித்தேன். மாத்திரையில் அடங்கக்கூடியதற்கும், "எதுக்கு இழுத்தடிக்கணும், பண்ணிடலாம்" என்று சொன்னேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்.

வைரக்கண்ணுவுக்கு வருகிறேன். குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்கிறவர், வயதில் எனக்குக் கொஞ்சம் மூத்தவர். தொடை இடுக்கில் குடலிறக்கம். படுத்தால் உள்ளே போய்விடுகிற வீக்கம், வலி கிடையாது. பொறுத்துப் பார்க்கலாம் என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அப்போது கொஞ்ச நாளாகவே தியேட்டர் பூட்டிக் கிடந்தது. வீட்டில் என் கணவர் சாப்பிடவே மறந்திருந்தார். ஊட்டப் போனால் கையைத் தட்டிவிட்டு, "யாரு நீ, வெளியில போ" என்று கத்தினார்.

"குறுவைதான் அறுத்தாச்சே. இப்பப் பண்ணிக்கிட்டா தாளடி நடவுக்குள்ள எழுந்து நடமாடலாம்ண்ணே" என்றேன்.

"ஐயா கை பட்டாச் சரி. எங்கப்பாவுக்கு அறுத்ததும் இந்தக் கைதானே" என்றார் வைரக்கண்ணு.

அவர் மகள் மேகலாவுக்குத்தான் மனது ஒப்பவில்லை. என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டரம்மா, தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போறேன்னா அப்பா சண்டைக்கு வர்றாரு. ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. ஐயா இப்பத்தான் என்னை யாருன்னு கேட்டாங்க, பேசி முடிக்கலை, மறுபடியும் கேக்குறாங்க. நல்லாத்தானே இருக்காங்க?"

"எத்தனை முகத்தைப் பாக்குறாரு. உன் முகம் மறந்தா என்னடி, வேலை மறக்கலையே."

"நீங்க சொன்னா நம்புறேன்."

"நம்பு" என்றேன்.

வேலை மறக்கவில்லை என்று சொன்னது பொய் இல்லை. அதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

காலையில் மயக்க மருந்து டாக்டர் ஜெக்கரியா திருவாரூரிலிருந்து வந்து முதுகில் ஊசி போட்டார். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், ஆள் விழித்திருப்பார். முகத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் பச்சைத் துணி கட்டியிருப்போம். அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து வைரக்கண்ணு பேசிக்கொண்டே இருந்தார்.

"ஐயா, இந்த வருஷம் கடைமடை வரைக்கும் தண்ணி வந்துடுச்சு."

"அப்புறம் உனக்கென்னய்யா கவலை? மாமியார் வீட்டுக்கு வந்தவன் மாதிரி படு" என்று சொல்லி என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாள் ஆகியிருந்தது.

குடல் மறுபடி இறங்காமலிருக்க உள்ளே வலைத்துணியை வைத்துத் தைக்கும்போது ஊசி ஆழமாகப் போய்விட்டது. கீழே பெரிய ரத்தக்குழாய். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுத்த குழியில் ரத்தம் நிறைந்தது. அது எங்கள் வரிசையில் இல்லாத காரியம். அவர் கையை நீட்டினார். எதை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கை அப்படியே நின்றது.

"என்னங்க வேணும், சொல்லுங்க."

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார். பிறகு பச்சைத் துணியைப் பார்த்து, "இவரு யாரு?" என்றார்.

ஜெக்கரியா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் புரிந்தது. "அம்மா, தமிழரசனைக் கூப்பிடுவோம். பக்கத்துத் தெருதானே."

தமிழரசன் எங்களிடம் தொழில் பழகிப்போன சர்ஜன். நல்ல பிள்ளை. வந்திருந்தால் ரத்தத்தை நிறுத்தியிருப்பார். என் கணவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பதையும் பார்த்திருப்பார். அதற்குப் பிறகு இவரை யார் தியேட்டருக்குள் விடுவார்கள்?

"வேண்டாம்" என்றேன். துணியைத் திணித்து என் பலம் அத்தனையும் வைத்து அழுத்தினேன். நின்ற மாதிரி இருந்தது. துணியை எடுத்துவிட்டு, நூல் கோத்த ஊசியை அவர் கையில் வைத்தேன். கை தைத்தது. மூடிவிட்டோம். ஜெக்கரியாவிடம், "நின்னுடுச்சு டாக்டர், உங்களுக்கு அடுத்த கேஸ் இருக்கே, நீங்க கிளம்புங்க" என்றேன்.

"என்ன சிஸ்டரம்மா, ஒருத்தர் சத்தத்தையும் காணும்?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"முடிஞ்சுதுண்ணே."

"ஐயா கையில முடியாமப் போகுமா."

மத்தியானம் வைரக்கண்ணுவுக்கு வேர்த்தது. நாடி ஓடியது. அடிவயிறு உப்பிக்கொண்டு வந்தது. ரத்தம் உள்ளே இறங்குகிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அப்பா கை சில்லுன்னு இருக்கே சிஸ்டரம்மா" என்றாள் மேகலா.

"மரத்துப்போற ஊசி இறங்குறப்ப அப்படித்தான் இருக்கும்."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்மா. குலுங்கினா தையல் விட்டுடும்."

திருவாரூருக்குப் போனால் பிரித்துப் பார்ப்பார்கள். அதனால்தான் வேண்டாம் என்றேன். பதற்றத்தில் வாய் தவறிச் சொன்னதாக எழுதிவிடாதீர்கள். யோசித்துத்தான் சொன்னேன்.

வைரக்கண்ணு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஐயாவை ஒரு தடவ வரச் சொல்லுங்க. நெத்தியில கையை வச்சாப் போதும்."

அழைத்து வந்தேன். யாரென்று தெரியாமலே என் கணவர் அவர் நெற்றியில் கையை வைத்து, "பாத்துக்கலாம்" என்றார். வைரக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் பயமே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் குழாய்களுக்கு நடுவே தனியாகப் போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வைரக்கண்ணுவுக்கு அந்தக் கதி வரவில்லை. நாடி நிற்கும்வரை நான் மணிக்கட்டை விடவில்லை.

மேகலாவிடம் மாரடைப்பு என்றேன். அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, "நீங்க கூடவே இருந்தீங்க" என்றாள். ஜெக்கரியாதான் மனது கேட்காமல் தியேட்டரில் நடந்ததை அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். பிறகு நீங்கள் வந்தீர்கள், பிரேதப் பரிசோதனையில் எல்லாம் தெரிந்துபோனது. அவள் மறுபடி என் முன்னால் வந்து நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "உங்ககிட்டதானே கேட்டேன் சிஸ்டரம்மா" என்றாள். போய்விட்டாள்.

என் கணவரை விட்டுவிடுங்கள். அவரை விசாரித்தால் உங்களையும் நாக்கை நீட்டச் சொல்வார். அறுக்கச் செய்தது நான், கூப்பிட வேண்டியவர்களைக் கூப்பிடாமல் இருந்தது நான். வைரக்கண்ணுவைச் சாகவிட்டது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

வைரக்கண்ணுதான் முதல் ஆளா என்று கேட்டீர்கள். இல்லை. அவருக்கு முன்னாலும் இந்த மேசையிலிருந்து போனவர்கள் இருக்கிறார்கள். பெயரைச் சொல்கிறேன், ஊரையும் சொல்கிறேன். அந்தச் சொந்தக்காரர்கள் எல்லாரும் இன்றைக்கும் எங்களிடம்தான் வைத்தியத்துக்கு வருகிறார்கள். நாங்கள் ஏதாவது தப்பு செய்திருந்தால் வருவார்களா, நீங்களே சொல்லுங்கள்.