பிரோகிமாரா அம்மையாரின் தோள் ஊக்குகள்

மேடையில் வீற்றிருக்கும் வார்ப்பாளர் சங்கத் தலைவர் அவர்களே, அக்வின்கம் நகரப் பெரியோர்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வலென்ஸ் அண்ணன் அவர்களே, வணக்கம்.

எனக்கு அழவைக்கத் தெரியாது. நான் ஈயம் வார்த்து நீர்க்குழாய் பதிக்கிறவன், இந்தச் சங்கத்துக்காரன். பார்த்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

வெண்கலப் பட்டறைத் தலைவி பிரோகிமாரா அம்மையார் படைவீரர்களுக்கு ரோமாபுரி பாணியில் ஊக்கு வார்த்தார். தம் தோள்களில் குத்தியதோ, நம் எராவிஸ்கக் குலப் பெண்களின் சிறகு வைத்த பெரிய ஊக்குகள் இரண்டை! கணவருக்கும் மகனுக்கும் ரோமக் குடியுரிமை வந்தபோதும் கழற்றினாரா? இல்லை!

படைத்தலைவரின் மனைவி ஒருநாள் பட்டறைக்கு வந்தார். "ஏம்மா, இதென்ன தோள்ல ரெண்டு கோழி உக்காந்த மாதிரி? சின்னதா ஒண்ணு குத்தக் கூடாதா?"

அம்மையார் அரத்தைக் கீழே வைக்கவில்லை. "உங்க வீட்டுக்காரரை, படைக்காரர்னு காட்டுற அந்த இடுப்பு வாரைக் கழட்டிட்டு ஒருநாள் கடைத்தெருவுக்குப் போயிட்டு வரச் சொல்லுங்க. அப்புறம் என் கோழியைப் பத்திப் பேசலாம்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டு, இரண்டு கோழி வாங்கிப் போனார்.

அப்படிப்பட்டவரின் கல்லறைக் கல்லை நேற்று பார்த்தேன். முகம் அவருடையது. தலைப்பாகை அவருடையது. தோள்கள்? வெறுமை!

"பையன்தான் வேணாம்னுட்டார்," என்றார் சிற்பி.

வலென்ஸ் அண்ணனைக் கேட்டேன். "நகரமன்றத்துக்கு நிக்கிறேன்டா. ரோட்டோரம் நிக்கப்போற கல்லு. அம்மாவைப் பட்டிக்காட்டுக்காரின்னு சிரிப்பானுங்க," என்றார்.

அண்ணே, சபையில் சொல்கிறேன், கோபம் வந்தால் கோபித்துக்கொள்ளுங்கள். கல்லில் அம்மையார் உடுத்தியிருக்கும் நம் பெண்களின் மேலாடைக்குத் தோளில் தையல் கிடையாது. முன்துணியையும் பின்துணியையும் சேர்த்துப் பிடிப்பது அந்த ஊக்குகள்தான். ஆடையைச் செதுக்கிவிட்டு ஊக்கை விட்டால் அது எதில் நிற்கும்? இடுப்பில் கிடக்கும்! அந்த வழியே போகிற எராவிஸ்கப் பெண் ஒவ்வொருத்தியும் சிரிப்பாள். ஊருக்கே ஊக்கு வார்த்தவரைப் பார்த்தா சிரிக்க வேண்டும்?

குடைந்து எடுத்த கல்லில் புடைப்பைத் திரும்ப ஏற்ற முடியாது. ஆனால் துளை போடலாம். அளந்துவிட்டேன், கல் தாங்கும். அம்மையார் குத்திய ஊக்குகளையே ஈயம் ஊற்றிப் பதிக்கலாம்.

"எவனாவது பிடுங்கிட்டுப் போயிடுவானேப்பா?" என்கிறார் தலைவர். நான் ஈயத்தில் பதித்ததை இதுவரை எவனும் பிடுங்கியதில்லை, ஐயா.

வலென்ஸ் அண்ணே, சிதை மூட்டுவதற்கு முன் அந்த ஊக்குகளைக் கழற்றி நீங்கள் துணியில் முடிந்துகொண்டதைப் பார்த்தேன். அவற்றால் உங்களுக்கு வெட்கம் என்றால் ஆற்றில் எறிந்திருப்பீர்கள். எறியவில்லையே!

அம்மையாரின் உலை அணையாது, அவருடைய அச்சுகளில் தூசி படியாது என்று சங்கத்தின் சார்பில் உறுதி கூறுகிறேன். முதல் வேலை இன்றே.

வெளியே ஈயம் உருகிக்கொண்டிருக்கிறது, அண்ணே. முடிச்சை எடுத்து வாருங்கள்.