அடைப்பு இல்லாத வீடு

உங்கள் அலுவலகத்து டீ நன்றாக இருக்கிறது மேடம். தி.நகரில் இப்போதெல்லாம் சர்க்கரைத் தண்ணீருக்குத் தேயிலையைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டு டீ என்கிறார்கள். இங்கே இஞ்சி தட்டிப் போடுகிறார்கள். மூன்று மாடி ஏறி வந்ததற்கு அதாவது மிச்சம். லிஃப்ட் ஓடாது என்று போன வருஷம் எழுதித் தொங்கவிட்ட அட்டை இன்னும் தொங்குகிறது. குறையை மறைக்காமல் சொல்லிவிடுகிறீர்கள், அந்த மட்டில் சந்தோஷம்.

கேட்டதற்கு வருகிறேன். மந்தைவெளியில் நான் முடித்துக் கொடுத்த ஃப்ளாட்டில் அடைப்பு இருந்தது, தரகர் மரியசெல்வம் அதை மறைத்துவிட்டார் என்று அதை வாங்கிய ஸ்வர்ணலதா அம்மா புகார் கொடுத்திருக்கிறார். வீட்டுத் தரகர்களையும் வீட்டுக்கடன் தரகர்களையும் கட்டி மேய்க்கிறது உங்கள் மனைத்தொழில் ஒழுங்காற்று வாரியம். புகார் உண்மை என்று மணிமொழி மேடமாகிய நீங்கள் எழுதிவிட்டால் என் பதிவு ரத்து. அந்த வீட்டுப் பெரியவர் முருகையன் ஐயா செத்தபோது பக்கத்தில் வீட்டார் யாருமே இல்லை, அப்படியிருக்க அவர் திருவோண நட்சத்திரத்தில்தான் போனார் என்று வாங்குபவரிடம் அவ்வளவு உறுதியாக எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தால் அது குற்றம்தான். நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை.

அடைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் பதிவாகிற விசாரணை என்பதால் சொல்லிவிடுகிறேன். சில நட்சத்திரங்களில் ஒருவர் வீட்டுக்குள் இறந்தால் அந்த வீட்டைக் குறிப்பிட்ட காலம் பூட்டிப் போட வேண்டும் என்பது இந்த ஊரில் பலருடைய நம்பிக்கை. சிலதுக்கு இரண்டு மாதம், சிலதுக்கு மூன்று. அவிட்டத்தில் தொடங்கி வரிசையாக ஐந்து நட்சத்திரத்துக்கு ஆறு மாதம். எல்லாம் சேர்த்துக் கூட்டினால் இருபத்தேழில் பதிமூன்று நட்சத்திரம் அடைப்பு. அதாவது மயிலாப்பூரில் ஒருவர் சாகிறார் என்றால் பாதிக்குப் பாதி ஒரு ஃப்ளாட் சந்தையிலிருந்து காணாமல் போகிறது. திருவோணத்துக்கு அடைப்பு கிடையாது.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. நான் ஊரூர் குப்பத்துக்காரன், பெசன்ட் நகர் மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவன். எங்கள் ஆட்கள் காற்றைப் பார்த்துக் கடலுக்குப் போவார்கள், பஞ்சாங்கத்தைப் பார்த்துப் போவதில்லை. ஆனால் தொழில் என்று வந்த பிறகு பார்ட்டிக்கு என்ன நம்பிக்கையோ அதுதான் நமக்கும். வாஸ்து பார்க்கிறவரோடு வாஸ்து, வடக்கு பார்க்கிறவரோடு வடக்கு.

வாரியம் வருவதற்கு முன்னால் நான் புளுகாத புளுகு இல்லை மேடம். லஸ் முனையில் ஒரு மரத்தடிதான் ஆபீஸ், ஸ்கூட்டர் சீட்டுதான் மேஜை. உப்புத் தண்ணீரை மெட்ரோ வாட்டர் என்பேன். சுடுகாட்டைப் பார்த்த ஜன்னலைக் காற்றோட்டம் என்பேன். தூக்கு மாட்டிக்கொண்ட அறையை பூஜை அறை என்று காட்டி ஒரு குடும்பத்தையே விழுந்து கும்பிட வைத்திருக்கிறேன். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

பிறகு அடையாற்றில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து வகுப்பு எடுத்தீர்கள். பாதிப் பேர் பொங்கல் வடைக்காக வந்தவர்கள். நானும்தான். நீங்கள் மைக்கைத் தட்டிவிட்டு ஒன்று சொன்னீர்கள். “தெரிஞ்சதை மறைக்கிறதும் பொய்தாங்க. வாங்குறவங்க கேக்கலைன்னாலும் நீங்க சொல்லியாகணும்.”

எனக்கு அது எங்கேயோ போய்த் தைத்தது. கிண்டல் இல்லை, உண்மையாகச் சொல்கிறேன். அதற்குப் பிறகு பதிவு எண் போட்ட அடையாள அட்டை வந்தது. என் அம்மா ரோஸி, அடையாறு மார்க்கெட்டில் ஆயுசு முழுக்க மீன் விற்றவர், அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னாடா, கவர்மெண்டே உன் பேரு முன்னாடி திருன்னு போட்டுகீது” என்று கேட்டுவிட்டு முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு முடிவு செய்தேன், இனி இந்தத் தொழிலில் ஒரு பொய் என் வாயிலிருந்து வராது. வரவும் இல்லை.

அதிசயம் என்னவென்றால் உண்மை சொன்னால் வீடு இன்னும் வேகமாகப் போகிறது. ஸ்வர்ணலதா அம்மாவுக்கு அந்த ஃப்ளாட்டைக் காட்டியபோது என்ன சொன்னேன் என்று அவரையே கேளுங்கள். பால்கனியிலிருந்து கோபுரம் தெரியும், ஆனால் இடுப்பு வரை வெளியே தொங்க வேண்டும் என்றேன். மழை வந்தால் தெருவில் முழங்கால் தண்ணீர் என்றேன். மேல் வீட்டுக்காரர் மிருதங்கம் கற்றுக்கொள்கிறார், பத்து வருஷமாகக் கற்றுக்கொள்கிறார் என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். “இவ்வளவு நிஜம் பேசற தரகரை நான் பார்த்ததே இல்லை. எங்காத்துல ஒண்ணே ஒண்ணுதான் பார்ப்போம், அடைப்பு இருக்கப்படாது” என்றார். இதுவரை இல்லை என்றேன். உண்மை.

உள்ளறையில் முருகையன் ஐயா படுத்திருந்தார். அதையும் மறைக்கவில்லை, கதவைத் திறந்தே காட்டினேன். கோடம்பாக்கம் ஸ்டுடியோக்களில் லைட்மேனாக இருந்தவர். நுரையீரல் போய், மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினுமாக இருந்தார். வீடு மகன் பிரசாத் பெயரில் இருந்ததால் வாரிசுச் சிக்கல் எதுவும் இல்லை. பிரசாத்தும் அவன் மனைவி தேவானையும் வேளச்சேரியில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தார்கள். இழுத்துக்கொண்டிருக்கிறவரோடு வர வேண்டாம் என்று அந்த வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அங்கே போயிருந்தால் எந்த நட்சத்திரத்தில் போனாலும் யாருக்கும் தொந்தரவில்லை. பெரியவர் பிடிவாதம் பிடித்தார், எல்லாம் என் வூட்லதான் என்றார்.

இன்னொரு பக்கம் கடன் கழுத்தைப் பிடித்தது. ஸ்வர்ணலதா அம்மாவுக்கு வீட்டுக்கடன் ஏற்பாடு செய்த ஜஹனாரா, அவரும் உங்கள் பதிவு பெற்றவர்தான், மாதக் கடைசிக்குள் பத்திரம் பதியாவிட்டால் வங்கி அனுமதி காலாவதி என்றார். அந்த அம்மா ஓய்வு பெறப்போகிற வயது. மறுபடி கேட்டால் வங்கி கொடுக்காது.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பத்திரத்துக்கு முன்னால் பெரியவர் ஒரு அடைப்பு நட்சத்திரத்தில் போய்விட்டால், நான் அதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் வியாபாரம் போச்சு. சொல்லாமல் விட்டால் பொய். பழைய மரியசெல்வமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அஸ்வினி, பரணி என்று ஏதாவது அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பான். என்னால் முடியவில்லை. நாக்கு எழவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்தது அந்த அளவுக்கு ஊறிப்போயிருந்தது.

பெரியவர் போன அன்றைக்குத் திருவோணம். ஹாலில் மாட்டியிருந்த நாள்காட்டியில் மாலை நான்கு மணி வரை என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகு அவிட்டம், தொடர்ந்து ஐந்து நாளும் ஆறு மாத அடைப்பு. இன்றைக்கோ நாளைக்கோ என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஐந்து நாளில் அவர் போவதைவிட அந்த மதியம் போவது எல்லோருக்கும் நல்லது என்று எனக்குத் தோன்றியது. இதை நான் கோபத்தில் நினைக்கவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு.

ஒன்று விட்டுப்போயிற்று, மறைத்ததாக ஆகிவிடக் கூடாது. டாக்டர் அப்படிச் சொன்னது அதற்கு முந்தின வாரம். அன்று காலை வந்து பார்த்துவிட்டு, பரவாயில்லையே, தேறிவிட்டார், இனி எத்தனை மாதம் என்று நானே சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தேவானை அதை என்னிடம் சிரித்த முகமாகச் சொல்லிற்று. சாகிற நாள் தெரிந்தால் திட்டம் போடலாம். எத்தனை மாதம் என்று தெரியாவிட்டால் தினமும் நாள்காட்டியைப் பார்த்துப் பார்த்து வாழ வேண்டும், பதிமூன்று நட்சத்திரம் அடைப்பு வேறு. ஒரு வியாபாரத்தைச் சீட்டாட்டம் மாதிரி நடத்த முடியாது.

பிரசாத்தை வில்லங்கச் சான்று வாங்க அனுப்பினேன். தேவானையை மருந்து வாங்க அடையாறுக்கு அனுப்பினேன், மந்தைவெளியிலேயே கிடைக்கிற மருந்துதான். சாப்பிட்டுவிட்டு வந்து பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரசம் சாதம் சாப்பிட்டிருந்தார், உதட்டோரம் ஒரு பருக்கை இருந்தது. துடைத்துவிட்டேன்.

“இன்னா செல்வம், வூடு போயிடுச்சா?”

“பத்திரம் ஒண்ணுதான் பாக்கி நைனா.”

“புது வூட்ல தெருவப் பாத்தாப்ல ஜன்னல் கீதா? எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் வோணும்.”

வேளச்சேரி வீட்டை நான் பார்த்திருந்தேன். ஜன்னல் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். மனசு கேட்கவில்லை. இல்லை நைனா, செவுத்தப் பாத்தாப்லதான் கீது என்று உண்மையைச் சொன்னேன். நான் செய்யப்போவதையும் அவரிடம் சொல்லியிருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். விதியைப் பார்த்துவிட்டேன் மேடம். வாங்குபவருக்கும் விற்பவருக்கும்தான் சொல்லக் கடமை. அவர் இரண்டும் இல்லை.

மெஷினை நிறுத்தினேன். அது நான் நினைத்ததைவிட மெதுவாக இருந்தது. நாள்காட்டி நான்கு மணி என்கிறது, தேவானை வேறு எந்த நேரமும் திரும்பிவிடலாம். அதனால் தலையணையையும் எடுக்க வேண்டியதாயிற்று. முடிந்ததும் தலையணையை உதறி இருந்தபடியே வைத்தேன், மெஷினை மறுபடி ஓடவிட்டேன், மணி பார்த்தேன். மூன்றுகூட ஆகவில்லை. சுத்தமான திருவோணம். மாலையே ஸ்வர்ணலதா அம்மாவைப் போனில் கூப்பிட்டு, வீட்டில் இன்று ஒரு சாவு, திருவோணம், அடைப்பு இல்லை என்று நானாகவே சொன்னேன். அவர் கேட்பதற்கு முன்னால் சொன்னேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்யாணச் சாவுதானே, பெரியவர் நல்லபடியாப் போயிருக்கார் என்றார். காரியம் முடிந்த கையோடு பத்திரமும் பதிந்தது.

தப்பு எங்கே நடந்தது என்று இப்போது புரிகிறது. இந்த ஊரில் பஞ்சாங்கம் இரண்டு. பிரசாத் வீட்டு நாள்காட்டி வாக்கியக் கணக்கு. ஸ்வர்ணலதா அம்மாவின் மாமனார் திருக்கணிதக்காரர். பால் காய்ச்ச நாள் பார்க்க வந்தவர் பக்கத்து வீட்டில் சாவு நேரத்தை விசாரித்திருக்கிறார். அவருடைய கணக்கில் அன்றைக்குத் திருவோணம் உச்சிப் பொழுதோடு முடிந்துவிட்டது. நான் போய் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருக்கு அவிட்டம் பிறந்துவிட்டது. இப்போது அந்த ஃப்ளாட் பூட்டிக் கிடக்கிறது. திசை கேட்டேன், தண்ணீர் கேட்டேன், மாடிப்படி எத்தனை ஏற முடியும் என்று கேட்டேன். உங்கள் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் என்று கேட்காமல் விட்டேன். மயிலாப்பூரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன் செய்கிற தப்பா அது? நினைத்தால் எனக்கே அவமானமாக இருக்கிறது, ராத்திரி தூக்கம் பிடிப்பதில்லை.

ஆனால் அது கவனக்குறைவு மேடம், மறைப்பு இல்லை. எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னேன், கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, கூடவே இருந்து பார்த்துச் சொன்னேன். கவனக்குறைவுக்கு எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்று உங்கள் விதியிலேயே இடம் இருக்கிறது.

மற்றதற்குக் கொலை என்று பெயர் என்பது எனக்குத் தெரியாமலில்லை. முருகையன் ஐயாவை நான்தான் கொன்றேன். அது போலீஸ் பார்த்துக்கொள்ள வேண்டியது, வாரியத்தின் வரம்பில் வராது. நீங்கள் போனை எடுப்பது தெரிகிறது, தாராளமாகப் பேசுங்கள். பதிவில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள். நேர்மை இல்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள். அந்த மனிதர் கடைசி மூச்சு வரைக்கும் என் மணிக்கட்டை விடவே இல்லை. நகம் பதிந்த தடம், இதோ பாருங்கள், இன்னும் மறையவில்லை. எத்தனையோ பார்ட்டிகளைப் பார்த்துவிட்டேன், ஒருவர்கூட என் கையை அப்படிப் பிடித்ததில்லை. நம்பிக்கை இல்லாமலா மேடம் ஒரு மனிதர் அவ்வளவு இறுக்கிப் பிடிப்பார்?