கழுதை முதுகு

ஆறு மணி நேரம் தண்ணீர் ஏறும், ஆறு மணி நேரம் வற்றும். எங்கள் காயலைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். இங்கே பிறந்த குழந்தை நடக்கப் பழகும் முன்பே இதைக் கற்றுக்கொள்கிறது. வெனிஸைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மட்டும் கற்றுக்கொள்வதில்லை. காலையில் இறங்கிய படிக்கட்டு மாலையில் எங்கே போயிற்று என்று படகுக்காரனிடம் சண்டைக்கு நிற்பார்கள்.

உட்காருங்கள், மரேஷாலோ. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். காப்பி ஆகிவிட்டது. நீங்கள் தெற்கே மலைப் பக்கத்துக்காரர், இங்கே காவல் அதிகாரியாக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்று கேள்விப்பட்டேன். அதனால் கொஞ்சம் மெதுவாகவே சொல்கிறேன்.

என் தம்பி போர்த்தோலோ செத்தது விபத்து என்று எழுதி வந்திருக்கிறீர்கள். கீழே ஃபோஸ்கா என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போடலாம். அந்தத் தாளில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்திவிட்டுப் போடுகிறேன்.

இந்த வீடு எனக்கும் அவனுக்கும் பொது. அப்பா விட்டுப்போனது. நான் இதிலேயே பிறந்து, இதிலேயே இருக்கிறேன். அவனுக்கு ஊரை வேடிக்கை காட்டுவது தொழில். காலையில் வெனிஸின் வடக்குத் துறையில் ஆட்களை ஏற்றுவான். கால்வாய்களுக்குள் ஒரு சுற்று. முரானோவில் கண்ணாடி ஊதுவதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். புரானோவில் வண்ண வீட்டுச் சுவர்களில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். தோர்செல்லோவில் பழைய தேவாலயத்தின் முன்னால் ஐந்து நிமிடம் பக்தியாக இருப்பார்கள். கடைசியாக எங்கள் தீவு, சாந்தோர்சோ. இங்கே பார்க்க ஒன்றும் கிடையாது. ஆகவே என்னைப் பார்ப்பார்கள்.

நான் துணி உலர்த்துவதைப் படம் எடுத்தார்கள். மீன் செதில் சீவுவதைப் படம் எடுத்தார்கள். ஒருத்தி கிட்டத்தில் வந்து, "நீங்க இங்கேயேதான் இருக்கீங்களா, இல்ல சாயங்காலம் வீட்டுக்குப் போயிருவீங்களா?" என்று கேட்டாள். என் வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான் கேட்டாள்.

அப்படி வந்தவர்தான் மிலான்காரர் கிரார்தி. மான்தோல் காலணி போட்டுக்கொண்டு காயலுக்கு வந்தார். போர்த்தோலோவின் பாதியை வாங்கிக்கொண்டு வீட்டை விடுதியாக்க வேண்டும் என்றார். நான் மறுத்தால் கோர்ட்டுக்குப் போய் வீட்டையே ஏலத்தில் எடுக்கலாம் என்று அவருடைய வக்கீல் சொல்லியிருந்தார். இந்த மேசையில்தான் பேசினோம்.

"உங்களுக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கிடுவோம், சின்யோரா. கவலையே படாதீங்க. வாசல்ல உக்காந்து லேஸ் பின்னிட்டிருந்தாப் போதும். வர்றவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"எனக்கு லேஸ் பின்னத் தெரியாது."

"கத்துக்கலாமே?"

தம்பி சிரித்தான். "பின்ற மாதிரி கையை ஆட்டினாப் போதும்க்கா. அவங்களுக்கு என்ன தெரியப்போவுது?"

"உனக்குத் தெரியுமில்லடா?" என்றேன்.

"அக்கா, வருஷத்துக்கு நாலு தடவை அடுப்படியில முழங்கால் தண்ணி. சுவரெல்லாம் உப்பு. இதைக் கட்டிக்கிட்டு அழ நீ என்ன, தண்ணியில வாழற மீனா? வித்துட்டு அக்கரையில மேஸ்த்ரே டவுன்ல ஒரு ஃப்ளாட் பார்ப்போம். லிஃப்ட் இருக்கும்."

லிஃப்ட். காயலில் பிறந்தவன் வாயில் அந்தச் சொல் வந்தபோது நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். வியாழக்கிழமை கையெழுத்து என்று முதுகுக்குப் பின்னால் பேசி முடித்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை போர்த்தோலோ அவரைப் படகில் அழைத்துப் போனான். விடுதிக்கு வருகிறவர்கள் பார்க்கப்போகும் சுற்றை அவரும் ஒரு முறை பார்க்க வேண்டுமாம். மதியத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். தோர்செல்லோவில் கிரார்திக்குப் பனிமூட்டம் அழகாகப் பட்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகட்டும், படம் எடுக்கலாம் என்று காத்திருந்தார்கள். ஜனவரி மூட்டம் யாரையும் ஏமாற்றாது. கேட்ட அடர்த்தி கிடைத்தது. தண்ணீரும் வற்றிவிட்டது.

படகு தரைதட்டியது கழுதை முதுகின் நுனியில். நீங்கள் அதைப் பார்த்திருக்க முடியாது. எங்கள் தீவுக்கு மேற்கே தண்ணீருக்குள் போன ஒரு பழைய மடத்தின் செங்கல் அடித்தளம் அது. தண்ணீர் நன்றாக வற்றும்போது அரையடி தலை காட்டும். அகலம் இரண்டு ஆள் நடக்கும் அளவு. வலப்பக்கம் படகுப்பாதை, ஆழம். இடப்பக்கம் சேறு, அதற்கு அடி கிடையாது. தெளிந்த நாளில் மணிக்கூண்டை நேரே வைத்து நடந்தால் தீவுக்கு வந்துவிடலாம். மூட்டத்தில் கண்ணுக்குப் பதிலாகக் காது.

அதற்குத்தான் மணி. படகின் ஊதுகொம்பு இரண்டு முறை கேட்டால், மணிக்கூண்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போய் அடிக்க வேண்டும். பக்கத்து வீடு இதுதான். மூன்று அடி, ஒரு நிறுத்தம். நிறுத்தத்தில் வருகிறவன் குரல் கொடுப்பான். வந்தவன் கூண்டின் கதவைக் கையால் தொடும்வரை அடிக்கிறவர் கயிற்றை விடக் கூடாது. என் அப்பாவை அப்படித்தான் இரண்டு குளிர்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கை உரிந்துபோனது. விடவில்லை.

மணி நின்றால் ஆள் வந்து சேர்ந்துவிட்டான் என்று பொருள். ஊரில் எல்லோருக்கும் அதுதான் பொருள்.

அன்றைக்குக் கொம்பு கேட்டது. போனேன். அடித்தேன். சாராயக் கடையில் சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர்கள் கேட்டிருக்கிறார்கள். "ஃபோஸ்கா அடிக்கிறா, போர்த்தோலோ வந்திருவான்" என்று ஒருவர் சொன்னாராம். பிறகு மணி நின்றது. "வந்துட்டான்" என்றாராம். அடுத்த சீட்டைப் போட்டார்கள். யாரும் படகை எடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குளிரில் வெளியே வராமல் இருக்க அவர்களுக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைக்கும், அன்றைக்குக் கிடைத்தது நல்ல காரணம்.

கிரார்தியும் அப்படித்தான் நினைத்தார். போர்த்தோலோ இறங்கும்போது, "நீங்க படகை விட்டு எறங்காதீங்க, நான் போய் ஆள் கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லியிருக்கிறான். மணி நின்றதும் இவர் நிம்மதியாகக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு புரானோவில் வாங்கிய வளைய ரொட்டியைத் தின்றிருக்கிறார். தண்ணீர் ஏறியது. படகு தானாகவே மிதந்தது. விடிந்ததும் தபால் படகுக்காரர் அதைக் கட்டி இழுத்து வந்தார். மரேஷாலோ, இதை யோசித்துப் பாருங்கள். ஒன்றும் தெரியாதவன் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தான், காலணிகூட நனையாமல் பிழைத்தான். வழி தெரிந்தவன் இறங்கி நடந்தான்.

போர்த்தோலோவைப் புதன்கிழமை மதியம் சேற்றின் ஓரத்தில் எடுத்தார்கள்.

இப்போது உங்கள் தாளுக்கு வருகிறேன். "மணிக்கயிறு அறுந்ததால்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது? ஊர் சொன்னது. மணி பாதியில் நின்றிருக்கிறது, அப்படியானால் கயிறுதான் அறுந்திருக்க வேண்டும் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். பாதிரியார் பூசையில் சொன்னார், அறுந்த கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு தம்பிக்காக அழுத சகோதரி என்று. பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். நான் பேசவில்லை. ஒருவர்கூடக் கூண்டுக்குள் போய்த் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. வெளியூர்க்காரர்கள் மேலே பார்த்துக்கொண்டே நடந்து தண்ணீரில் விழுவார்கள். நாங்கள் கீழே மட்டும் பார்ப்போம்.

இதையும் விட்டிருப்பேன். நேற்று கிரார்தி துக்கம் கேட்க வந்தார். கண் கலங்கியிருந்தது. வீட்டை இப்போது வாங்க மாட்டாராம், முழுவதும் என் பேருக்கு வந்துவிட்டதே. கூட்டாக நடத்தலாம் என்றார். "உங்க கதையைக் கேட்டா யார் மனசும் கரையும், சின்யோரா. 'மணிக்காரி வீடு'ன்னே பேர் வெச்சிருவோம். கூண்டுக்குப் புதுக் கயிறு நான் வாங்கித் தர்றேன். வர்றவங்க ஆளுக்கு ஒரு தடவை இழுத்துப் பார்க்கட்டும்."

கயிறு. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் நான் இறக்கி, உலர்த்தி, ஆளிவிதை எண்ணெய் தடவி ஏற்றும் கயிறு. அது அறுந்துவிட்டதாம். எனக்கு அவர் வாங்கித் தருவாராம். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. நான் கவனக்குறைவான ஆள் என்று ஒரு பலகையில் எழுதி மாட்டிவிட்டு, அதன் கீழே நின்று அழப்போகிறார்கள்.

கயிறு அறுந்துபோகவில்லை, மரேஷாலோ. சன்னலைத் திறந்தால் கூண்டின் கதவு தெரியும். உங்கள் காவலரை அனுப்பித் தொங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

காப்பியைக் குடியுங்கள், ஆறிவிடும்.

என்ன கேட்கிறீர்கள்? "பதில் குரல் வரலைன்னதும், அவர் வந்து சேந்துட்டார்னு நெனச்சு விட்டுட்டீங்க. அப்படித்தானேம்மா?" நல்ல மனிதர் நீங்கள். பேனாவைக்கூட மூடிவிட்டீர்கள். திறந்துகொள்ளுங்கள்.

குரல் வந்தது. மூட்டத்தில் குரல் தெளிவாகக் கேட்கும். படகிலிருந்து இறங்கியதும் ஒரு முறை வந்தது. செங்கல்மேல் கால் பட்டதும் ஒரு முறை. மூன்றாவது முறை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில், சிரித்துக்கொண்டே வந்தது. "அக்கா, பாதி வந்துட்டேன். கை வலிக்குதா? அடி, அடி."

நான் யாரையும் தண்ணீரில் தள்ளவில்லை. கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். அவன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இடப்பக்கம் போனான்.

தாளில் "அறுந்ததால்" என்பதை அடித்துவிடுங்கள். அதற்கு மேல் இதை எழுதுங்கள். கொம்பு கேட்டவுடன் நான் அடிக்காமலே இருந்திருந்தால், அவனும் மிலான்காரரோடு படகில் உட்கார்ந்து ரொட்டி தின்றிருப்பான். எனக்கு அது தெரியும். அவன் பாதி தூரம் வருவதற்காகத்தான் மணியை அடித்தேன்.