மூன்றாவது தீக்குச்சி

“ரெண்டு குச்சிதானேக்கா குடுத்தாங்க, மூணாவது எங்கேருந்து வந்துச்சு?”

ஒரு சிறுமி என்னிடம் கேட்ட கேள்வி இது. அவளுக்கு ஒன்பது வயது. அணிவகுப்பில் எப்போதும் கடைசியில் நிற்பதால் வால் என்று கூப்பிடுவோம். அவளுக்கு அதில் வருத்தமில்லை. வால் இல்லாத பட்டம் தலைகுப்புற விழும் என்பாள். விழுந்த பல் மறுபடி முளைக்குமா என்று விசாரிப்பதைப் போலத்தான் இதையும் கேட்டாள். குத்திக்காட்டத் தெரிந்த குழந்தை இல்லை.

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. நம் சாரணியர் படையின் வைரவிழா மலரில் பழைய உறுப்பினர்களின் பட்டியல் வருகிறது, அதில் உன் அம்மாவின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். ‘கயிறு என் கையில் இல்லை என்று அம்மா கடைசிவரை சொன்னார், உண்மை உங்களுக்குத்தான் தெரியும்’ என்று எழுதியிருக்கிறாய். மரியாதையான கடிதம். அதனால்தான் பதில் எழுதுகிறேன். உன் அம்மாவை அவள் என்றே குறிப்பிடுகிறேன். ஒரே கூடாரத்தில் ஒரே போர்வையில் படுத்தவர்கள் நாங்கள். எங்களுக்கு அவள் நெட்டை.

ஏழு வயதில் சின்னஞ்சிறு பிள்ளைகளின் பிரிவில் சேர்ந்தேன். பத்தில் சாரணி, பன்னிரண்டில் அணியின் துணைத்தலைவி, பதினான்கில் அணித் தலைவி. ஒவ்வொரு படிக்கும் சில சோதனைகள் உண்டு. தேறினால் ஒரு துணிச் சின்னம். என் அம்மா அதைச் சட்டைக் கையில் தைத்து முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து, “இன்னும் எத்தனை பாக்கி?” என்று கேட்பார். வேறெதுவும் கேட்டதாக நினைவில்லை. ஏறுவது எனக்குப் பிடித்திருந்தது என்று பலரும் மேடையில் பேசியிருக்கிறார்கள். உண்மையில், கீழே நின்றவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. பிஸ்கட்டுக்கு வந்தவர்கள், பாட்டுக்கு வந்தவர்கள், வீட்டு வேலைக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். நெட்டை பாட்டுக்கு வந்தவள். ஆனாலும் எனக்குச் சமமாக ஏறிக்கொண்டே இருந்தாள். அதுவும் தான் ஏறுவதே தெரியாதவள் போல.

பதினைந்தாம் வயதில் எங்களுக்கு ஒரே ஒரு படி மிச்சமிருந்தது. முழுப் படைக்கும் தலைவி. ஒருத்திக்குத்தான் இடம். அந்த ஆண்டு முகாமில், மழையில் நனைந்த சுள்ளிகளை இரண்டே தீக்குச்சியில் பற்றவைக்கும் சோதனை வைத்தார்கள். தவறினால் அடுத்த ஆண்டுதான், அப்போது எனக்கு வயது கடந்திருக்கும். என் இரண்டு குச்சிகளும் புகைந்து அணைந்தன. படைப் பொறுப்பாசிரியையான கேப்டன் அடுத்த அடுப்பைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் மூன்றாவது குச்சி பற்றிக்கொண்டது. என் முதுகுக்குப் பின்னால் வால் உட்கார்ந்து சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஓடைக்குப் போகும் வழியில்தான் கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன். “மறந்துடாதீங்கக்கா, இல்லாட்டி நான் கேப்டன் மிஸ்ஸக் கேட்டுக்கறேன்” என்றாள். மிரட்டல் இல்லை. பதில் கிடைக்கும்வரை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போவது அவள் வழக்கம்.

ஓடையைக் கடக்கக் கயிறு கட்டியிருந்தோம். எதிர்க்கரையில் ஒரு முனை மரத்தில் இறுகக் கட்டியிருக்கும். எங்கள் கரையில் மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, மறுமுனையை ஒருத்தி பிடித்திருக்க வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கயிற்றைப் பற்றிக்கொண்டு நீரில் நடந்து போவார்கள். கேப்டன் எதிர்க்கரைப் புதருக்கு அப்பால், வந்து சேர்ந்தவர்களுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். பணிப் பட்டியலில் கயிற்றுக்கு நேரே நெட்டையின் பெயர் இருந்தது. கடைசியில் வால் மட்டும் பாக்கி. நெட்டையின் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்திருந்ததைப் பார்த்தேன். தினமும் ஒரு நற்செயலாவது செய்ய வேண்டும் என்பது எங்கள் விதி. அதை நான் ஒரு நாளும் மீறியதில்லை.

“குடு, நான் பிடிக்கிறேன். நீ போய் மேட்டுல விட்டுட்டு வந்த தண்ணி பாட்டிலை எல்லாம் எடுத்துட்டு வா.”

“பட்டியல்ல என் பேர்டி. கேப்டன் கேட்டா?”

“கேட்டா நான் சொல்லிக்கிறேன்.”

அவள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

வால் நடு ஓடையில் இருந்தபோது கயிறு தளர்ந்தது. மேலே எங்கோ பெய்த மழையில் அன்று நீர் வேகமாக இருந்தது. நான் குதிக்க முடிவு செய்தேன். அதற்கு முன் காலணிகளைக் கழற்றினேன். காலணியோடு நீரில் இறங்கக் கூடாது என்பது உயிர்காப்புப் பாடத்தின் முதல் வரி. இரட்டை முடிச்சுப் போட்டிருந்தேன், அவிழ்க்கக் கொஞ்சம் நேரமானது. இரண்டையும் ஒரு பாறைமேல் வைத்துவிட்டு இறங்கினேன். பாறை இடுக்கில்தான் கிடைத்தாள். கரைக்கு இழுத்து வந்தபோது மூச்சில்லை. அந்தக் காலணிகள் சேர்த்து வைக்கப்பட்டிருந்த அழகைக் கேப்டன் பிறகு பல கூட்டங்களில் எடுத்துச் சொன்னார். பதற்றத்திலும் பாடத்தை மறக்காத பெண் என்று. எனக்கு வீரப் பதக்கம் கிடைத்தது அதற்காகத்தான்.

சத்தம் கேட்டு நெட்டை மேட்டிலிருந்து ஓடிவந்து, நீரில் அலைந்துகொண்டிருந்த கயிற்றைப் பாய்ந்து பிடித்திருக்கிறாள். எல்லோரும் வந்து பார்த்தபோது கயிறு அவள் கையில் இருந்தது.

மாலையில் மரியாதை மன்றம் கூடியது. அணித் தலைவிகள் மட்டும் கேப்டனோடு கூடாரத்தில் உட்கார்ந்து பேசும் சபை அது. அங்கே ஒரு வழக்கம். ஒரு சாரணி மூன்று விரலை உயர்த்தித் தன் மானத்தின் மேல் ஆணையிட்டுச் சொன்னால், அதை இரண்டாம் முறை யாரும் கேட்கக் கூடாது. இருவர் எதிரெதிராக ஆணையிட்டால் என்ன செய்வது என்று விதிப்புத்தகத்தில் இல்லை. அப்படி நடக்கும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. நான் முன்பே யோசித்திருந்தேன். கேப்டன் வாய் திறப்பதற்குள் விரலை உயர்த்தினேன். கயிறு என் கையில் இருந்ததில்லை என்றேன். நெட்டை எழுந்து, “மிஸ், இவ என்கிட்டேருந்து வாங்கினா” என்று ஆரம்பித்தாள். கேப்டன் அவளை உட்காரச் சொன்னார். ஆணை இட்டாயிற்று, இதற்கு மேல் பேசினால் உன் சகோதரியைப் பொய்க்காரி என்கிறாய் என்றார். படையிலிருந்து நீக்கி, அங்கேயே அவள் கழுத்துத் துணியை அவிழ்த்து வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “உன் கை நழுவிடுச்சு, எனக்குத் தெரியும். பயத்துல சொல்லிட்ட. நாளைக்கு நீயே போய்ச் சொல்லிடு, என்ன? நான் காத்திருக்கேன்.”

அவள் நினைத்திருந்தால் தீக்குச்சியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். மன்றம் என் வாக்கை வேறு கண்ணால் பார்த்திருக்கும். மூன்றாவது குச்சி எங்கிருந்து வந்தது என்று உனக்கும் தெரியாது போலிருக்கிறது. உன் அம்மாவின் பெட்டியிலிருந்து வந்தது. என் கண் கலங்கியதைப் பார்த்து, ஒரே குச்சியில் அடுப்பை மூட்டிவிட்டுத் தன் இரண்டாவது குச்சியை என் கைக்குள் திணித்தாள். எந்த மன்றத்திலும் அதை அவள் சொல்லவில்லை. இத்தகைய நல்லவர்களோடு பழகுவது எவ்வளவு சிரமம் என்பதை நீ அனுபவித்திருப்பாய்.

பள்ளியில் அவளுக்குக் ‘கைநழுவி’ என்ற பெயரை வைத்தது நான். அது ஒட்டிக்கொண்டது. உணவு நேரத்தில் பிள்ளைகள், “ஏ கைநழுவி, தட்டையாவது பிடிப்பியா, நாங்க பிடிக்கணுமா?” என்பார்கள். அவளும் ஒரு வருடம் சிரித்துப் பார்த்தாள், பிறகு பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். பல வருடம் கழித்து, மழலையர் பள்ளி ஒன்றில் ஆயா வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். அப்போது நான் கேப்டன். அந்தத் தலைமையாசிரியை என்னிடம் அவளைப் பற்றி விசாரித்தார். பதிவேட்டில் இருப்பதை அப்படியே சொன்னேன். சிறு பிள்ளைகளின் உயிர் விஷயத்தில் தாட்சண்யம் பார்க்க முடியாது.

நான் சாரணியர் ஆணையரானேன். என் கையால் ஆயிரக்கணக்கான பெண்கள் உறுதிமொழி எடுத்திருக்கிறார்கள். இன்று பட்டியலில் உன் அம்மாவின் பெயரைச் சேர்த்தால் அத்தனை பேரின் உறுதிமொழியும் என்னாவது என்று யோசித்துப் பார். பெயர் சேராது. இந்தத் தாளில் கையெழுத்தும் இருக்காது. நீ யாரிடம் காட்டினாலும் அவர்கள் என்னிடம்தான் வந்து கேட்பார்கள்.

இருந்தாலும் உன் அம்மாவுக்கு நான் ஒன்று தர வேண்டியிருந்தது, அதை மறுக்கவில்லை. அவளுக்கு வாதம் வந்து பேச்சு நின்றுபோனபோது மருத்துவமனைக்கு வந்தேன், நினைவிருக்கும். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து உனக்கே ஆச்சரியம். அவள் இன்னும் காத்திருந்தாள். நீ மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போனாய். நர்ஸும் பக்கத்து வார்டுக்குப் போய்விட்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் காதருகே குனிந்து சொன்னேன்.

“கை நழுவலடி. வேணும்னுதான் விட்டேன்.”

நாற்பத்தேழு வருடக் கடன், யார் கண்ணிலும் படாமல், அந்த ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. அவளால் நன்றி சொல்ல முடியவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. கண்ணோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டேன். அசையாதென்று டாக்டர் சொல்லியிருந்த கழுத்தை மெல்ல மெல்ல அசைத்து, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். களைப்பாக இருந்திருக்கும்.