சக்கர நாற்காலிக்குப் பாடியவர்

சீனி போடாத பிளேன்ரீயே போதும், ஐயா. இனிப்புத் தொண்டைக்குக் கூடாது. நாற்பது வருடமாகக் காப்பாற்றி வருகிற தொண்டை இது.

பெயர் தியாகலிங்கம். வயது ஐம்பத்தெட்டரை. யாழ்ப்பாணத்தில் முதியோர் சங்கமொன்று பாட்டுப் போட்டி வைத்தது. அறுபது முடிந்தவர்கள் மட்டும். முதற்பரிசு சக்கர நாற்காலி. விளம்பரத்தைக் கண்டதும் ஏரம்பு அண்ணையின் ஞாபகம்தான் வந்தது. என் உடன்பிறந்த அண்ணை. அறுபத்தேழு வயது, பாரிசவாதம் வந்து, உடுப்பிட்டியில் என் வீட்டில் படுத்த படுக்கை. அவருக்காகத்தான் பாடினேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மேசை லாச்சியிலிருந்து அவருடைய அடையாள அட்டையை எடுத்தேன். படம் பழையது, இருவருக்கும் ஒரே மூக்கு.

"இன்னும் ஒண்டரை வருசம் பொறுக்கேலாதோடா உனக்கு?" என்றார் அண்ணை.

"அதுக்குள்ளை நாற்காலியை வேறை ஆரும் கொண்டுபோடுவாங்கள்."

"நான் கேட்டனானோ உந்த நாற்காலியை?"

நோயாளிகள் அப்படித்தான் கதைப்பார்கள். நான் தலைமயிருக்குச் சாயம் பூசுவதை நிறுத்தினேன். ஒரே மாதத்தில் ஒன்பது வயது கூடியது.

முதற்சுற்றில் எனக்கு ஈடாக நின்றவர் வாகீசன் மாஸ்ரர் ஒருவர்தான். நல்ல குரல். ஆனால் அறுபது முடிய அவருக்கு இரண்டு மாதம் கிடந்தது. விசாரித்து அறிந்தேன். சங்கத் தலைவி குணலட்சுமி அம்மாவிடம் வேதனையோடுதான் சொன்னேன். அம்மாவுக்கு அறுபத்தைந்து. நான் அறுபத்தேழு அல்லவா, அதனால் முறைப்படி 'பிள்ளை' என்றே கூப்பிட்டேன்.

"வயதிலை பொய் சொல்லுறவன் சுருதியிலையும் பொய் சொல்லுவன், பிள்ளை."

மாஸ்ரரை நீக்கினார்கள். சட்டம் என்றால் சட்டம்தானே.

இறுதிச் சுற்று ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு. காலையில் வேட்டி சால்வையோடு முன்னறையில் சாதகம் பண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து அண்ணை கூப்பிட்டார். மூன்று தரம். அது என் சுருதியோடு சேரவில்லை. கதவைச் சாத்தினேன்.

தலைமாட்டில் அவருடைய போன் கிடந்ததை மறந்துபோனேன். அரை மணித்தியாலத்தில் படலையடியில் அம்புலன்ஸ். சீருடைப் பெண்ணொருத்தி இறங்கினாள்.

"ஏரம்பு எண்டவருக்கு நெஞ்சு நோவாம். ஆர் ஏரம்பு?"

இரண்டு மாதமாக இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லிப் பழகிய வாய், ஐயா.

"நான்தான் பிள்ளை."

"உங்களுக்கோ நோ?"

"வந்தது, போட்டுது. வாய்வு."

அட்டையைக் காட்டினேன். ஆஸ்பத்திரிக்கு வர விருப்பமில்லை என்ற கடதாசியில் 'ஏரம்பு' என்று கையெழுத்தும் வைத்தேன். அந்தப் பிள்ளை நாடி பார்த்துவிட்டு, "அறுபத்தேழு எண்டு ஆரும் சொல்லமாட்டினம், ஐயா" என்றது. கொஞ்சம் பயந்துதான் போனேன்.

பாட்டு நன்றாக அமைந்தது. பொன்னாடை, படம், நாற்காலி. வீடு திரும்பியபோது அண்ணை போய்விட்டிருந்தார். தூக்கி நாற்காலியில் இருத்திப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.

மரண அறிவித்தல் கொடுத்தது நான்தான். பத்திரிகையில் போடாமல் விட்டால் ஊர் என்ன சொல்லும்? அங்கேதான் பிழை விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை இரண்டும் ஒன்றாக வந்தன: பரிசு பெற்ற ஏரம்பு நாலாம் பக்கம், காலமான ஏரம்பு பன்னிரண்டாம் பக்கம். ஒரே ஊர், ஒரே வயது. வாகீசன் மாஸ்ரர் இரண்டையும் வெட்டியெடுத்துக்கொண்டு பொலிசுக்கு, உங்களிடம் வந்தாராம். நல்ல மனிதர், கொஞ்சம் பொறாமை.

கதவைச் சாத்தியது மட்டும்தானா என்று கேட்கிறீர்கள். இல்லை. அம்புலன்ஸ் சத்தம் ஒழுங்கையில் கேட்டதும் எழுந்துபோய்ப் பூட்டினேன். ஏரம்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தால், மேடையில் ஏரம்பு எப்படிப் பாடுவது? நான் கையெழுத்து வைக்கும்போது அண்ணை உள்ளே கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டிருந்தார். தாளம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. அது எனக்கு மட்டும்தான் கேட்டது. எல்லாவற்றையும் எழுதுங்கள், ஒளிக்க ஒன்றுமில்லை.

மேலே மட்டும் ஒரு திருத்தம், ஐயா. ஐம்பத்தொன்பது என்று போட்டிருக்கிறீர்கள். ஐம்பத்தெட்டரை என்று மாற்றுங்கள். வயதில் பொய் சொல்பவர்களை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது.