பாறைமேல் மிதந்த வெள்ளைக் கேன்

ஜூலை மாதத்தில் ஏரியில் மீன் கடிக்காது என்று சொல்கிறவர்களுக்கு மீன் பிடிக்கத் தெரியாது, அவ்வளவுதான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், டார்லா. உங்கள் ஷெரிஃப் அலுவலகத்தில் யாருக்காவது உதவும்.

வெயில் ஏறினால் மீன் செத்தா போய்விடுகிறது? இடம் மாறுகிறது. மேல்தண்ணீர் குளிக்கிற சூட்டில் கிடக்கும். அடித்தண்ணீரில் மூச்சுவிட ஒன்றும் இருக்காது. நடுவில் குளிர்ச்சியாக ஒரு பட்டை உண்டு, நாங்கள் பிடிக்கிற ‘வால்ஐ’ என்கிற மீன் அங்கே போய் நின்றுகொள்ளும். அந்தப் பட்டையைத் தொடுகிற மாதிரி தண்ணீருக்குள் ஒரு மேடு இருந்துவிட்டால் யோகம். விடியற்காலையில் இருபது நிமிடம், இருபதே நிமிடம், மீனெல்லாம் மேட்டின் மேல் ஏறி மேயும். அந்த நேரம் தூண்டிலில் உயிருள்ள அட்டையைக் கோத்துத் தக்கை கட்டி, பதினெட்டு அடியில் தொங்கவிட வேண்டும். மோட்டாரைத் தொடக்கூடாது. இருமல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும். என் கல்யாணத்தன்று சர்ச்சில்கூட நான் இவ்வளவு அடக்கமாக உட்கார்ந்ததில்லை.

லிட்டில் ஸ்பூன் ஏரியில் அப்படி ஒரு மேடு இருக்கிறது. எங்கே என்று உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. உங்கள் அப்பாவிடம் சொல்லாமல் இருந்தால் நன்றியோடு இருப்பேன்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் நானும் ரோலியும் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆழம் பார்த்துக் கண்டுபிடித்த மேடு அது. ரோலி என் மனைவி லவோனின் தம்பி. குழாய் ரிப்பேர் வேலை. நல்லவன்தான். வாய் மட்டும் அவன் ரிப்பேர் செய்யாமல் விட்ட குழாய். போன மாதம் அந்த மேட்டின் இடத்தைக் குறித்துப் போனில் ஊருக்கெல்லாம் போட்டுவிட்டான். கூடவே ஒரு படம். நான் பிடித்த மீனை அவன் கையில் தூக்கிக்கொண்டு இளிக்கிறான்.

அடுத்த சனிக்கிழமை மேட்டின்மேல் பதினேழு படகு. மினியாபொலிஸ் நகரத்துக்காரர்கள். ஒவ்வொரு படகும் என் வீட்டைவிட விலை அதிகம். பளபளவென்று சட்டை, சத்தமாகப் பாட்டு. ஒருத்தன் நாயைக் கூட்டி வந்திருந்தான். நாய்க்கு லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான், தனக்குப் போடவில்லை.

கரைக்கு வந்ததும் ரோலியைப் பிடித்தேன்.

"ஏன்டா போட்ட?"

"நூத்திநாப்பது பேரு லைக் போட்டிருக்காங்க மச்சான். நம்ம ஏரி பேரு நாலு பேருக்குத் தெரியட்டுமே."

"நாலு பேருக்குத் தெரியாத எடமா பாத்துதானடா உங்கக்காவக் கட்டிக்கிட்டு இங்க கெடக்கேன்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அதோடு விட்டுவிட்டேன் என்றுதான் அவன் நினைத்தான்.

இப்போது கேன் விஷயத்துக்கு வருகிறேன். ஏரியின் கிழக்குப் பக்கம் தண்ணீருக்கு இரண்டடி கீழே ஒரு பாறை இருக்கிறது. வருடா வருடம் பனிக்கட்டி உருகியதும், காலி பிளீச் கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டி, சிமெண்ட் கல்லை நங்கூரமாக்கி, அந்தப் பாறைமேல் மிதக்கவிடுவது என் பொறுப்பு. ஏரிச் சங்கத்தில் என்னை நம்பிக் கொடுத்த வேலை. எங்கள் ஏரியில் யாரும் வரைபடம் பார்ப்பதில்லை. கேனை இடது கைப்பக்கம் விட்டு, ஐம்பது கஜம் தள்ளி, முழு வேகத்தில் போகலாம். பிள்ளைகளுக்கு நடக்கச் சொல்லிக்கொடுக்கும்போதே இதையும் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். பாதிரியார் சொன்னால்கூட இரண்டு முறை யோசிப்பார்கள், கேன் சொன்னால் யோசிக்க மாட்டார்கள்.

அந்தக் கேனை எடுத்து என் மேட்டின்மேல் கட்டினேன். இதில் புரியாததற்கு ஒன்றுமில்லை. வெள்ளைக் கேன் இருந்தால் அடியில் பாறை என்று அர்த்தம், எவனும் கிட்டே வரமாட்டான். வரவும் இல்லை. பதினேழு படகும் வேறு ஏரி பார்த்துப் போய்விட்டன.

பாறைமேல் இன்னொரு கேன் ஏன் கட்டவில்லை என்று கேட்கிறீர்கள். இரண்டு கேன் இருந்தால் ஜனங்களுக்குச் சந்தேகம் வரும். எது நிஜம் என்று எட்டிப் பார்ப்பார்கள். எட்டிப் பார்க்கிறவன் தூண்டிலும் போட்டுப் பார்ப்பான்.

மேட்டுக்கும் பாறைக்கும் நடுவே சரியாக ஐம்பது கஜம். அதாவது, புதுக் கேனைப் பார்த்துப் பழையபடி போகிறவன் நேராகப் பாறைமேல்தான் போவான். இதை நான் யோசிக்கவே இல்லை. முதலில் யோசிக்கவில்லை.

முதல் வாரத்தில் இரண்டு படகின் புரொபெல்லர் போயிற்று. ஒன்று உங்கள் அப்பாவுடையது, அதற்காக வருத்தப்படுகிறேன். இந்த வருடம் தண்ணீர் இறங்கியிருக்கிறது, புதிது புதிதாகப் பாறை தலைகாட்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். கேன் கட்டுகிறவனே சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்? உங்கள் அப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பீர் வாங்கிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் நான் ரோலியிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது லவோனுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரோலியைச் சாப்பிடக் கூப்பிட்டாள். உருளைக்கிழங்கும் கறியும் போட்டு ஓவனில் வைத்து எடுப்பாளே, அது. ரோலி வந்ததும் வராததுமாகப் போனை என் முன்னால் நீட்டினான்.

"அழிச்சிட்டேன் மச்சான். படத்தையும் எடுத்துட்டேன். தப்புதான். உங்க மேட்ட நான் காட்டிக்குடுத்திருக்கக் கூடாது."

கண் கலங்கியிருந்தான். பிறகு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

"ஞாயித்துக்கிழம சர்ச்சுல மீன் விருந்து இருக்கு," என்றாள் லவோன். "நாளைக்கி ரெண்டு பேரும் சேந்து போயி புடிச்சிட்டு வாங்க. வெறுங்கையோட வந்தா ரெண்டு பேருக்கும் அடுப்புல ஒண்ணும் இருக்காது, சொல்லிட்டேன்."

"அவரு முன்னாடியே போயிருவாரு. நான் எங்க வீட்டுக் கரையிலேருந்து நேரா மேட்டுக்கு வந்துடறேன், அஞ்சரைக்கு," என்றான் ரோலி.

"விடியக்காலைல மூடுபனியா இருக்கும்டா. மெதுவா போ."

"கேன் இருக்குல்லக்கா. மச்சான் கட்டுன கேன். கண்ண மூடிக்கிட்டு வருவேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் சாப்பாட்டு மேசையில் ரோலி பேசினால் நடுவில் ஊசி நுழையாது. அவன் கோப்பையில் காபி குறைந்திருந்தது, ஊற்றினேன். வாசல்வரை போய் வழியனுப்பினேன். கட்டிப்பிடித்துக்கொண்டான். அவனை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன், அதையும் மறைக்கவில்லை.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு மேட்டில் இருந்தேன். தண்ணீர்மேல் மெல்லிய பனி, காற்றே இல்லை. ஐந்தரைக்குச் சற்று முன்னால் முதல் மீன் கடித்தது, கையளவு அகலம். அதே நேரம் ரோலியின் மோட்டார் சத்தம் கேட்டது. முழு வேகம். அவனுடைய மோட்டாரை எனக்கு நூறு மோட்டாருக்கு நடுவிலும் தெரியும். பனிக்குள் கேனைப் பார்த்ததும், அடியில் பாறை என்று நினைத்து அழகாக வலப்பக்கம் ஒதுங்கினான், நாங்கள் எல்லோரும் ஒதுங்குகிற மாதிரி.

பாத்திரக் கூடையைக் கீழே போட்ட மாதிரி ஒரு சத்தம். படகு ஒரு பக்கம் போயிற்று, அவன் பாறையைத் தாண்டி ஆழத்தில் விழுந்தான்.

"மச்சான்," என்றான். "மச்சான், கை வரல."

தோள் எலும்பு முறிந்திருந்தது என்று பிறகு டாக்டர் சொன்னார். அந்த நேரத்தில் அது எனக்கு எப்படித் தெரியும்? ரோலி சின்ன விஷயத்துக்கெல்லாம் சத்தம் போடுகிறவன். என் தூண்டிலில் அப்போது இரண்டாவது மீன் இருந்தது.

"இருடா," என்றேன், மெதுவாகத்தான். "ரெண்டே நிமிஷம்."

மோட்டாரை ஏன் கிளப்பவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். முதலிலேயே சொன்னேனே. மோட்டார் சத்தம் கேட்டால் மீன் மேட்டைவிட்டு இறங்கிவிடும். அதற்கப்புறம் அன்றைக்கு முழுக்கத் தவம் கிடந்தாலும் ஏறாது. இரண்டு நிமிடம் என்று நான் சொன்னது மனதாரச் சொன்னதுதான். மீன் கடித்துக்கொண்டே இருந்தது, நான் என்ன செய்ய? மூன்று, நான்கு, ஐந்து. இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு காலை அமைந்ததில்லை. இரண்டு பேரும் சேர்ந்து வந்த காலை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அவன் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். சாவான் என்பதும் தெரிந்தது, நான்காவது மீனுக்கும் ஐந்தாவது மீனுக்கும் நடுவில் எங்கேயோ. வெள்ளிக்கிழமை காபி ஊற்றும்போதே தெரிந்திருந்ததா என்றால், ஆமாம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். கொலை என்று போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். லவோனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆனால் மீன் இலாகாக்காரர் எழுதியிருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அளவுக்கு மேல் பிடித்தேனாம். எட்டு பிடித்தேன் என்று அவரிடம் சொன்னதே நான்தான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆறு என்பது எனக்குத் தெரியாதா? சேர்ந்து பிடிக்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் கண்ணால் பார்க்கவும் குரல் கேட்கவும் முடிகிற தூரத்தில் இருந்தால், இரண்டு பேருடைய அளவையும் ஒன்றாகப் பிடிக்கலாம் என்று அதே சட்டப்புத்தகத்தில்தான் இருக்கிறது. ரோலியின் ஆரஞ்சுத் தொப்பி எனக்குத் தெரிந்தது. ஏழாவது மீன் படகில் ஏறும்போது அவன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எட்டாவதுக்கும் கூப்பிட்டான், குரல் கம்மிப்போய். அப்புறம் கூப்பிடவில்லை. இனி ஒரு ஆளுடைய அளவுதான் என்று நான் உடனே தூண்டிலைச் சுருட்டினேன். மீன் கடித்துக்கொண்டிருக்கும்போதே சுருட்டினேன், டார்லா, வேறு எவனாவது சுருட்டுவானா? எட்டில் இரண்டை உயிரோடு திருப்பித் தண்ணீரில் விட்டுவிட்டு ஆறு மீனோடுதான் கரைக்கு வந்தேன்.