திரும்பும் பயணத்தைத் தனியே கேட்ட அக்காவுக்கு

முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் பயணப் பிரிவின் மேசையில் அமர்ந்து, எங்களை ஊர் ஊராக அனுப்பி, ஒருவர் குறையாமல் வீடு சேர்த்த அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அக்கா அவர்களே. மூத்த மேலாளரும் நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் ஒன்றுபோல அக்கா என்றழைக்க, இருவருக்கும் ஒன்றுபோல நாற்காலி இழுத்துப் போட்ட அம்மையே, உங்கள் பணி நிறைவு விழாவில் எங்கள் வணக்கம்.

லிப்ட் பழுதுபார்ப்பது நம் தொழில். எந்த ஊரில் எந்தக் கட்டடத்தில் லிப்ட் நின்றாலும் நம் ஆட்கள் ஓடியாக வேண்டும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அதிவேக ரயில் வந்ததும் இந்த அலுவலகம் ரயில் கட்சி, விமானக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "ஒரு மணி நேரத்துல பறந்து போறதை விட்டுட்டு மூணு மணி நேரம் ரயில்ல உக்காருவாங்களா?" என்று கேட்டார் மேலாளர். நீங்கள் வாதாடவில்லை. "அடுத்த வாரம் வெளியூர்க் கூட்டத்துக்கு நீங்க விமானத்துல போங்க சார். நம்ம வரைபடம் போடுற வரைவாளர் ரயில்ல வரட்டும். ரெண்டு பேரும் வீட்டுக் கதவைப் பூட்டின நேரத்தை மட்டும் குறிச்சுக்கங்க" என்றீர்கள். கூட்டம் நடக்கவிருந்த கட்டடத்தின் வாசலை அடைந்து வரைவாளர் தொலைபேசியில் அழைத்தபோது, மேலாளர் விமான நிலையத்தில் தம் பெட்டிக்காகக் காத்து நின்றார்.

"டீ சொல்லவா சார்?"

"பெட்டி வரட்டும்யா. நீ குடி."

அன்றே ரயில் கட்சி உங்களைத் தலைவியாக்கப் பார்த்தது, நீங்கள் இணங்கவில்லை. பெருங்காற்றில் மின்கம்பி அறுந்து ரயில் வயல் நடுவே நான்கு மணி நேரம் நின்ற நாளில், அதில் இருந்த நம்மவர் ஒவ்வொருவரையும் அழைத்து, "இன்னைக்கு என் கணக்கு தோத்துப்போச்சு, மன்னிச்சிருங்க" என்று சொன்னவர் நீங்கள். தொலைதூர ஊரில் தந்தை மூச்சுக்குத் தவித்தபோது நம் மின்பணியாளரை முதல் விமானத்தில் ஏற்றி, மகனின் கையைத் தந்தை பிடிக்கும்படி செய்தவரும் நீங்களே. எந்த வண்டி என்று பார்க்கும் முன் எந்த ஆள் என்று பார்த்தீர்கள்.

ஆனால் உங்கள் வழக்கம் ஒன்று எங்களுக்குப் பிடிபடவே இல்லை. போகும் சீட்டையும் வரும் சீட்டையும் நீங்கள் ஒருசேர எடுத்ததில்லை. போனவர் வேலையை முடித்ததும் அழைத்து, சாப்பிட்டாரா, முதுகு வலிக்கிறதா, மனம் எப்படி இருக்கிறது என்று கேட்ட பிறகே திரும்பும் சீட்டு. "போற ஆளு வேற, வர்ற ஆளு வேற" என்பீர்கள். நாங்களோ 'குசலம் அக்கா' என்று பெயர் வைத்து மறைவில் சிரித்தோம். இன்று முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்கிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், நீங்கள் நான்கு நாள் விடுப்பில் இருந்தபோது, நம் ஓட்டுநரின் மனைவிக்கு வேறோர் ஊரில் கண் அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. ஒரு கண் சிறு வயதிலேயே ஒளி இழந்தது. மிஞ்சிய ஒரே கண்ணிலும் விழித்திரை பிரிந்துகொண்டிருந்தது. அலுங்காமல் போய் வரட்டும் என்று நாங்களே கூடிப் பேசி, போகவும் வரவும் விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தோம். நல்லது செய்த நிறைவில் இருந்தோம்.

விடுப்பு முடிந்து வந்த நீங்கள் பதிவேட்டைப் பார்த்தீர்கள். தோள்பையைக்கூட இறக்காமல் ஓட்டுநரை அழைத்தீர்கள். சுற்றி நின்ற எங்களுக்கும் அவர் குரல் கேட்டது.

"தம்பி, அவ எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காக்கா. குனிஞ்சே இருக்கச் சொல்லியிருக்காங்க. விமான நிலையத்துக்குத்தான் போயிட்டிருக்கோம்."

"கண்ணுல என்ன பண்ணினாங்க?"

"காத்து மாதிரி ஏதோ உள்ள வச்சிருக்காங்களாம். அது திரையை அமுக்கிப் பிடிச்சுக்குமாம்."

"ஆஸ்பத்திரியில குடுத்த தாளை எடு. கடைசி வரைக்கும் படி."

மருந்து வேளை, படுக்கும் முறை, குளிக்கும் முறை என்று படித்துக்கொண்டே வந்தவரின் குரல் மூன்றாம் பக்கத்தில் நின்றது. "அக்கா, அந்தக் காத்து கரையற வரைக்கும் விமானத்துல போகக் கூடாதுன்னு போட்டிருக்குக்கா."

மருத்துவமனையில் அதை வாயாலும் சொல்லித்தான் இருந்தார்கள். மனைவியின் கட்டுப் போட்ட முகத்தையே பார்த்திருந்த மனிதரின் காதில் விழவில்லை. உயரே போயிருந்தால் அந்தக் காற்று விரிந்து, இருந்த ஒரே பார்வையையும் பறித்திருக்கக் கூடும். அந்தச் சீட்டை எடுத்தவர்கள் நாங்கள். நீங்கள் பதறவில்லை. "வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லு. ஒண்ணும் ஆகலை. கடவுள் நம்மள மூணாம் பக்கம் வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டார்" என்றீர்கள். மருத்துவரிடம் பேசி, ரயில் என்றால் போகலாம் என்று அவர் சொன்ன பின், குனிந்து தலை சாய்க்க மேசை உள்ள இருக்கையைக் கேட்டு வாங்கினீர்கள். ரயில் வந்து சேர்ந்தபோது நடைமேடையில் நீங்களே நின்றீர்கள். எங்களை ஒரு சொல் கடியவில்லை. "நல்ல மனசோடதான் எடுத்தீங்க. இனிமே ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க" என்பதோடு சரி.

கொடுப்பதே அன்பு என்று எண்ணியிருந்த எங்களுக்கு, கேட்பது அதற்கும் முந்திய அன்பு என்று அன்று விளங்கியது.

ஊரையே பறக்கவிட்ட நீங்கள் இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை என்பதை அத்தான் சொல்லித்தான் அறிந்தோம். உடனே இரண்டு சீட்டு எடுக்கக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டோம். எங்கே போக ஆசை, எப்படிப் போக ஆசை, அத்தானின் முழங்கால் என்ன சொல்கிறது என்று இன்று உங்களைக் கேட்கிறோம். பதில் சொல்லாமல் மேடையிலிருந்து இறங்க விடமாட்டோம்.

எல்லோரையும் காக்கும் இறைவன் உங்களுக்கு நோயற்ற உடலும் நிறைந்த மனமும் நீண்ட ஆயுளும் தந்து, நீங்கள் போகும் வழியெல்லாம் உடன் வருவானாக.

இந்த மடல் அச்சிட்டதன்று. "நான்தான் எழுதுவேன்" என்று கேட்டு வாங்கி, ஒவ்வோர் எழுத்தையும் தம் கையால் எழுதியவர் ஓட்டுநரின் மனைவி. கோடு போட்டுத் தருகிறோம் என்றோம்.

"கோடு எதுக்கு? எனக்கு எல்லாம் நேராத்தான் தெரியுது" என்றார்.

உங்கள் குசலம் கேட்டே வளர்ந்த,
பயணப் பிரிவினரும் பழுதுபார்ப்புப் பிரிவினரும்,
பெட்டி வந்து சேர்ந்த மேலாளரும்